சுவரில் ஒட்டிய நன்றி

நன்றி என்பது சுவரில் ஒட்டப்பட்டால்தான் நன்றி என்றொரு நம்பிக்கை, கன்னட நகரத்தில் தமிழர்கள் நெருங்கி வாழ்ந்த ஸ்ரீராம்புரத்தில் இருந்தது. காது குத்திய குழந்தைக்கும், காலமான கிழவருக்கும், தேர்தலில் தோற்றவருக்கும்கூட அங்கே சுவரொட்டி உண்டு. ஆகவே, மங்கை டீச்சருக்கு அறுபது வயது நிறைவதை முன்னிட்டு விழா எடுப்பது என்று பழைய மாணவர்கள் முடிவு செய்தபோது, மண்டபம் எது, மாலை யார் பொறுப்பு என்பவை பேசப்படுவதற்கு முன்பே சுவரொட்டியின் அளவு பேசப்பட்டது.

அச்சிட்டவன் ரகு. ரயில்வே பாலத்தருகே ஒற்றைக் கதவுக் கடையில், தாம்பூலப் பைகளுக்கும் கபடிப் போட்டிகளுக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்துவந்தான். அவனிடம் இருந்தவை சிவப்பு, கறுப்பு என்னும் இரண்டு நிறங்களே. நடுவில் டீச்சரின் படம். மேலே, தெருவின் மறுகோடியிலிருந்து படிக்கத்தக்க தமிழில், ‘எங்களை ஆளாக்கிய அலர்மேல்மங்கை டீச்சருக்கு மணிவிழா’. கீழே, விழாக்குழுவினரின் சிறிய முகங்கள் ஒரு வரிசை. அவ்வரிசையில் சொர்ணத்தின் முகமும் இருந்தது. குழுவின் செயலாளர் அவள்.

“என் மூஞ்சி எதுக்கு ரகு? விழா டீச்சருக்குத்தான?”

“மூஞ்சி போட்டாத்தான் கமிட்டின்னு நம்புவாங்க சொர்ணம். இல்லாட்டி எவனோ வசூல் பண்ணி முழுங்கிட்டான்னு பேசுவாங்க.”

“இது என் மூஞ்சியா? எண்ணெயில தீஞ்சுபோன பூரி மாதிரி கீது.”

“கிட்ட நின்னு பாக்காத. தூரத்துல நின்னு பாரு.”

“தூரத்துல நின்னா நான் இருக்கிறதே தெரியாது.”

“அப்புறம் இன்னா கவலை உனக்கு?” என்றான் ரகு.

டீச்சர் ஸ்ரீராம்புரத்தில் வசிக்கவில்லை. ஓய்வு பெற்றபின், ரயில் பாதைக்கு அப்பால் ஹனுமந்தப்பா லேஅவுட்டில், தும்கூரில் இருக்கும் கன்னடக்காரரான கௌடர் ஒருவரின் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். லேஅவுட்டில் அவரைத் தவிரத் தமிழர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய கன்னடம் அத்தனை சுத்தமாக இருந்ததால், அவர் தமிழர் என்பதே அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரியாது. விழா நாளன்று காலையில் நாதஸ்வரத்துடன் போய் அவரை வாசலிலிருந்து அழைத்துவருவது என்று ஏற்பாடு. வருகிறவர்கள் வழி தவறக்கூடாதே என்று, பேருந்து நிறுத்தத்திலிருந்து டீச்சரின் கேட் வரைக்கும் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சுவரொட்டியும், அதன் பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் ஓர் அம்புக்குறியும் இருக்கட்டும் என்று சொன்னவள் சொர்ணம். கடைசிச் சுவரொட்டி டீச்சர் வீட்டு மதிலிலேயே ஒட்டப்பட்டது. அந்த யோசனைக்காகக் குழுவில் அவளைக் கைதட்டிப் பாராட்டினார்கள்.

சொர்ணம் அந்த விழாவுக்காக ஒரு மாதம் அலைந்ததற்குக் காரணம் இருந்தது. ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் அவளுடைய அப்பா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஊதுபத்தி உருட்ட உட்காரவைத்தார். பள்ளி திறந்ததும் டீச்சர் அவள் வீட்டுக்கு வந்தார். வாதாடவில்லை, உபதேசமும் செய்யவில்லை. சொர்ணத்துக்கு எதிரே ஒரு பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாமும் ஊதுபத்தி உருட்டத் தொடங்கினார். தினமும் மாலையில் வந்து உருட்டினார். அவர் உருட்டிய பத்திகள் கரும்புச் சக்கையைப்போல் இருந்தன. ஏஜென்ட் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்பத் தொடங்கியதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “தாயே, பொண்ணையே இட்டுக்கினு போயிடுங்க. என் பத்தியக் கெடுக்காதீங்க.” சொர்ணம் பத்தாவது வரையில் படித்தாள். அதனால் கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் மெஷினில் உட்காராமல், மேற்பார்வையாளராக நிற்கிறாள். அந்தச் சந்துகளில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கதை கிடைக்கும். தபால்காரர் வீட்டில் ஒன்று, நர்ஸ் பிரிஜெட்டின் வீட்டில் ஒன்று. கதைகளில் டீச்சர் செய்தது மாறும். அப்பாக்கள் தோற்பது மாறாது.

திங்கட்கிழமை சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்துவிட்டது என்ற செய்தி புதன்கிழமை பரவியது. அது தொண்ணூற்றோராம் ஆண்டு டிசம்பர்.

வியாழக்கிழமை பகலில் தொழிற்சாலையை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கிய விதமே சொர்ணத்துக்குப் பிடிக்கவில்லை. வழியில் தமிழ்நாட்டு எண் கொண்ட லாரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்றவர்கள், போலீஸ்காரர்கள் உட்பட, குளிர்காய்பவர்களைப்போல் அமைதியாக இருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். கணவன் நாணுவுக்கு ஓசூரில் வேலை, அவன் வரப்போவதில்லை. வராமல் இருப்பதே நல்லது.

அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரி வனஜா, கன்னடக்காரி. பொதுக் குழாயடியில் பத்து வருடப் பழக்கம் அவளுக்குத் தமிழையும் இவளுக்குக் கன்னடத்தையும் கொடுத்திருந்தது. சொர்ணம் வந்ததைப் பார்த்ததும் வனஜா ஓடிவந்தாள்.

“அக்கா, நம்ம தம்பி இப்பத்தான் லேஅவுட் சைடுலேருந்து சைக்கிள்ல வந்தான். பஸ் ஸ்டாப்புல ஜனங்க நின்னுக்கினு உங்க போஸ்டர பாக்கறாங்களாம். தமிழ் ஓதத் தெரிஞ்ச ஒருத்தன நிக்கவெச்சு, இன்னா போட்டிருக்குன்னு கேக்கறாங்களாம்.”

“கேட்டு?”

“அப்புறம் அந்த பாணத்தக் காட்டி ஏதோ பேசிக்கினாங்களாம்.”

அவள் சொன்னது அம்புக்குறியை. ஊரில் எத்தனையோ தமிழர் வீடுகள் இருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் விசாரிக்க வேண்டும், யூகிக்க வேண்டும், தவறவும் கூடும். மங்கை டீச்சரின் வீட்டுக்கு மட்டும் அந்தச் சிரமம் வைக்கப்படவில்லை. பெயர், படம், வழி எல்லாம் அச்சிட்டுக் கொடுத்தாயிற்று.

“நான் போய்க் கிழிச்சிட்டு வந்துர்றேன்,” என்றாள்.

“பேடா அக்கா. ஹோகபேடா, போகாத. போலீஸ் பாத்துக்கும்.”

“எரியற லாரியப் போலீஸ் பாத்துக்கினுதான் நின்னாங்க வனஜா.”

வனஜா தன் கழுத்திலிருந்த, கன்னடப் பெண்கள் தாலியாக அணியும் கருகமணிச் சங்கிலியைக் கழற்றி சொர்ணத்தின் கழுத்தில் போட்டாள். சொர்ணத்தின் மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளினாள். தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பிடுங்கிக் குழாயடியில் எறிந்தாள். குங்குமத்தை இன்னும் பெரிதாக இட்டாள். “இப்ப சரி. யாராவது கேட்டா நீ வனஜா. ஊரு மத்தூரு. என் புருஷனத் தவிர எல்லாத்தயும் எடுத்துக்கோ,” என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னது, இருவராலும் சிரிக்க முடியவில்லை.

ரகு தன் கடையின் முன்னால் முக்காலி போட்டு ஏறி, பெயர்ப் பலகையின் தமிழ் எழுத்துகளின்மேல் தார் பூசிக்கொண்டிருந்தான். பூசிய அவசரத்தில் தார் கன்னட எழுத்துகளின்மேலும் வழிந்திருந்தது.

“வா ரகு, லேஅவுட்டுக்குப் போலாம்.”

“நான் வாயத் தொறந்தா ரெண்டு பேருமே திரும்ப மாட்டோம். என் கன்னடத்தக் கேட்டா கழுதகூடத் தமிழ்க் கழுதன்னு சொல்லிடும்.” அவன் முக்காலியிலிருந்து இறங்கவில்லை, இறங்கினால் விழுந்துவிடுவான்போல் இருந்தான். “சொர்ணம், பசையில மயில்துத்தம் கலந்து ஒட்டிருக்கேன். அடுத்த மணிவிழா வரைக்கும் நிக்கும்னு நானே பீத்திக்கினேன். வெறுங்கையில வராது.” தார் டப்பாவையும் பிரஷ்ஷையும், சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டையும் குனிந்து அவளிடம் கொடுத்தான். கொடுத்த டப்பாவை உடனே விடவில்லை. “டீச்சருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா…” என்று தொடங்கி, முடிக்காமல் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரயில் பாதையைக் கடந்தபோது தெருக்கள் காலியாக இருந்தன. டயர் எரிந்த வாடை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சினிமாக் கொட்டகைச் சுவரோரம் போலீஸ் வேன் ஒன்று நின்றது. அதன் நிழலில் லத்தியைத் தொடைமேல் கிடத்திக்கொண்டு காவலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகைச் சுவரில் ரகுவின் சுவரொட்டிகள் மூன்று, வரிசையாகச் சிரித்தன. காவலர்கள் தார் டப்பாவோடு போகிற பெண்ணைப் பார்த்தார்கள், கேட்கவில்லை. அவர்களிடம் சொல்லலாமா என்று சொர்ணம் நினைத்தாள். என்ன சொல்வது? இன்னும் எரியாத வீட்டைப்பற்றி எந்தப் போலீஸிடம் புகார் கொடுப்பது?

நிறுத்தத்துச் சுவரொட்டி ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தது. டீச்சரின் கண்கள் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. அம்புக்குறியை யாரும் தொடவில்லை. கிழித்தவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

அவள் அதன்மேல் தாரை இழுத்தாள். அடுத்த திருப்பத்துக்கு ஓடினாள். அங்கே சுவரொட்டி முழுசாக இருந்தது. தகட்டை ஓரத்தில் செருகித் தள்ளினால் காகிதம் விரலளவு வந்தது. சுவரின் சுண்ணாம்பும் கூடவே வந்தது. சுரண்டும் ஓசை தெரு முழுவதும் கேட்பதாகத் தோன்றியது. ஒரு ஜன்னல் திறந்து மூடியது. வேலையைக் குறைத்துக்கொண்டாள்: அம்புக்கும் எழுத்துக்கும் தார், முகம் கிடந்துவிட்டுப் போகட்டும்.

தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில் அம்பு இடப்பக்கம் காட்டியது. பிரஷ்ஷைத் தூக்கியபோது, பின்னால் எங்கோ பலர் சேர்ந்து கத்துவது கேட்டது. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால், அது முன்பிருந்தே காத்திருந்தது போலிருந்தது. அழிப்பானேன்? வலப்பக்கம் இன்னொரு முனை வைத்தால் போதும். கூட்டம் அந்தத் தெருவுக்குள் போய்விடும். வலப்பக்கம் பார்த்தாள். முதல் வீட்டுக் கொடியில் ஒரு சிறுமியின் கவுன் காய்ந்துகொண்டிருந்தது. யார் வீடு என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் என்ன மொழி பேசுகிறவர்கள் என்றும் தெரியாது. பிரஷ்ஷில் இருந்த தார் அவள் கால்விரலில் சொட்டியது. அம்பை முழுவதுமாக அழித்துவிட்டு, தன்மேலேயே அருவருப்புடன் இடப்பக்கம் ஓடினாள்.

டீச்சர் வீட்டின் கதவும் ஜன்னல்களும் மூடியிருந்தன. மதிலில் இருந்ததுதான் இருப்பதில் பெரிய சுவரொட்டி. நான்கு தாள்களைச் சேர்த்து ஒட்டியது. மேல்தாளைப் பாதி உரித்திருந்தபோது அவர்கள் தெருமுனையில் திரும்பினார்கள்.

முப்பது, நாற்பது பேர் இருக்கலாம். பெரும்பாலும் இளைஞர்கள். சிலர் கையில் கட்டை, ஒருவன் கையில் சைக்கிள் செயின். ஒருவன் பொட்டலத்திலிருந்து கடலை தின்றுகொண்டே வந்தான். முன்னால் வந்தவன் மப்ளர் சுற்றியிருந்தான். ஓடினால் துரத்துவார்கள் என்பது நாயிடம் கற்ற பாடம். சொர்ணம் ஓடவில்லை. திரும்பி நின்று சுரண்டுவதைத் தொடர்ந்தாள்.

“ஏனம்மா மாட்தா இதியா?” என்ன செய்கிறாய் என்று கேட்டான் மப்ளர்காரன்.

“காணல்வா? தமிழ் போஸ்டர் கீள்தா இதீனி,” என்றாள். தெரியவில்லையா, தமிழ்ச் சுவரொட்டியைக் கிழிக்கிறேன். குரல் அவளுடையதாக இல்லை. வனஜா குழாயடியில் சண்டை பிடிக்கும் குரலாக இருந்தது.

கூட்டம் ஆரவாரித்தது. இரண்டு பேர் ஓடிவந்து நகத்தால் பிய்த்து அவளுக்கு உதவினார்கள். ஒருவன், அக்கா சரியான ஆள், நமக்குமுன் வந்து வழி முழுக்கத் தார் பூசியிருக்கிறாள், சொட்டிய தாரைப் பார்த்தே வந்துசேர்ந்தோம் என்றான். அவளுக்கு மூச்சு வாங்கியது. அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது அடியில் இருந்த தாள் ஒரே பட்டையாகக் கிழிந்து மப்ளர்காரனின் கைக்கு வந்தது. விழாக்குழுவின் வரிசை.

அவன் அதைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனுடைய விரல் சாமிநாதனின் மீசையைத் தாண்டியது. டெஸ்மண்டின் கண்ணாடியைத் தாண்டியது. அடுத்த முகத்தில் நின்றது. அவன் முகத்தைத் தூக்கி சொர்ணத்தைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான். கடலை தின்றவன் மெல்வதை நிறுத்தியதுகூட அவளுக்குக் கேட்டது.

“இவளைப் பாருடா,” என்றான் கன்னடத்தில், காகிதத்தைக் காட்டி, “இது மனுஷியா, மூட்டையா?”

எல்லாரும் சிரித்தார்கள். சொர்ணமும் சிரித்தாள், மற்றவர்களைவிட ஒரு கணம் பிந்தி, ஒரு கணம் அதிகமாக. ரகுவின் தொழில்திறமையைப்பற்றி அதுவரை அவள் பேசிய அத்தனை ஏச்சையும் மனத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

மப்ளர்காரன் பட்டையைக் கசக்கி எறிந்தான். கீழே டீச்சரின் படம் மல்லாந்து கிடந்தது. “துளி அக்கா,” என்றான் ஒருவன். மிதி.

காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு ஆறு வயதிலிருந்து உண்டு. இப்போது செருப்புக் காலை வைத்து, அழுத்தி, ஒருமுறை திருகினாள். கை தானாகத் தாழப்போனது; அதைப் புடவைத் தலைப்பில் துடைப்பதுபோல் இழுத்துக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் அப்போதுதான் கேட்டது. கதவு திறந்தது. மங்கை டீச்சர் வாசல் கம்பிக்கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். வெளுத்த நீலப் புடவை; கையில் ஒன்றும் இல்லை. கூட்டத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், பிறகு சொர்ணத்தையும், அவள் காலுக்குக் கீழே இருந்ததையும் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது. ‘சொர்ணம்’ என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். கம்பிக்கதவைத் தாண்டி வெளியே வரவும் கூடியவர் அவர்.

“ஒளகே ஹோகே முதுகி!” என்று சொர்ணம் கத்தினாள். உள்ளே போடி கிழவி. “போய்க் கதவைச் சாத்து! சாத்து என்கிறேன்!”

டீச்சரின் வாய் மூடிக்கொண்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை. வகுப்பில் தெரியாத கேள்விக்கு முன்னால் நிற்கும் பிள்ளையின் முகம் அது. அவர் பின்வாங்கினார், கதவு சாத்தப்பட்டது, உள்ளே எதையோ இழுத்துக் கதவுக்குப் பின்னால் வைக்கும் ஓசை கேட்டது.

“இவள்தானே போட்டோவில் இருப்பவள்? தமிழச்சி,” என்று ஒருவன் கல்லை எடுத்தான்.

“கல்லு ஏன் வீணாக்கறே?” என்றாள் சொர்ணம், கன்னடத்தில், கூடியவரை அலட்சியமாக. “வீடு தும்கூர் கௌடருடையது. கண்ணாடி உடைந்தால் கிழவியா தரப்போகிறாள்? கௌடர்தான் தரணும். பெட்ரோல் ஊற்றினாலும் எரிவது கௌடர் வீடுதான்.”

கல் வைத்திருந்தவன் மப்ளர்காரனைப் பார்த்தான். மப்ளர்காரன் மேலே பார்த்தான். கதவின்மேல் கௌடரின் பெயர் கன்னடத்தில் பதிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அவர்கள் நகரவில்லை. வந்த காரியம் எதுவும் நடக்காமல் கூட்டம் எப்படித் திரும்பும்? இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் கல் தானாகவே பறக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. கூட்டத்துக்கு இன்னொரு வேலை கொடுக்க வேண்டும்.

“சினிமாக் கொட்டகைச் சுவரில் இதைவிடப் பெரிசாக ஒட்டியிருக்கிறார்கள். மூன்று. என் ஒருத்தியால் முடியவில்லை,” என்றாள். “வருகிறீர்களா, நிற்கிறீர்களா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஜோடிச் செருப்பு. பிறகு பல. யாரோ கோஷத்தைத் தொடங்கினான். அவளும் கையைத் தூக்கினாள். அத்தனை நேரமும் பயந்ததைவிட இப்போது அதிகமாகப் பயந்தாள். எதிரே ஸ்ரீராம்புரத்து ஆள் ஒருவன் வந்து, ‘இன்னா சொர்ணக்கா?’ என்று கேட்டால் முடிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் பூசிய தார் இன்னும் காயாமல் பளபளத்தது.

கொட்டகை தெரிந்ததும் கூட்டம் அவளை முந்திக்கொண்டு ஓடியது. போலீஸ் வேன் அங்கேயே இருந்தது. தார் டப்பாவுக்கு எழுந்திருக்காத காவலர்கள், தங்கள் வேனை நோக்கிக் கட்டைகளோடு ஒரு கூட்டம் ஓடிவருவதைக் கண்டதும் எழுந்தார்கள். விசில் ஊதினார்கள். லத்திக்கு மொழி தெரியாது. பெண் என்றும் தெரியவில்லை. இடது தோளில் விழுந்த அடியில் டப்பா கையிலிருந்து பறந்தது. மப்ளர் ஒரு பக்கம் ஓட, அவள் ரயில் பாதைப் பக்கம் ஓடினாள்.

வனஜா தோளுக்கு ஒத்தடம் கொடுத்து, கையிலிருந்த தாரை மண்ணெண்ணெயால் துடைத்தாள். சொர்ணம் கருகமணியைக் கழற்றிக் கொடுத்தபோது, “இருக்கட்டும் அக்கா, எல்லாம் அடங்கற வரைக்கும் போட்டுக்கோ,” என்றாள்.

ஊரடங்கு போட்டார்கள். விழா நடக்கவேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் ஊரடங்கிலேயே கழிந்தது. அந்த நாட்களில் சொர்ணம் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. கூட்டம் கலைந்தது உண்மை; கலைந்த கூட்டம் மறுபடி சேராது என்று யார் சொன்னது? ரேடியோ, நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னது. ஹனுமந்தப்பா லேஅவுட்டைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தளர்வு அறிவித்த முதல் காலையில் அவள் போனாள். வீடு நின்றது. கண்ணாடிகள் முழுசாக இருந்தன. மதிலில் மட்டும் சுண்ணாம்பு பெயர்ந்த பெரிய சதுரம், புண் ஆறிய இடத்தைப்போல். கதவைத் தட்டினாள்.

“யாரு?” என்று கன்னடத்தில் கேட்டது குரல்.

“நான்தான் டீச்சர். சொர்ணம்.”

உள்ளே அசைவில்லை. வெகுநேரம் கழித்து, “கூட யாரு?” என்று கேட்டார்.

முப்பது வருடப் பழக்கத்தில் அவர் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. “யாரும் இல்ல டீச்சர். நான் மட்டும்தான்.”

பக்கத்து ஜன்னலின் திரை விலகியது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரை மூடியது. கதவுக்குப் பின்னாலிருந்த மேசையை இழுக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

சொர்ணம் எல்லாவற்றையும் சொன்னாள். கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. கருகமணியிலிருந்து தொடங்கி, தாருக்குப் போய், மறுபடி சுவரொட்டிக்கு வந்தாள். டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

“போஸ்டர் ஒட்டச் சொன்னது நான்தான் டீச்சர். அம்பும் நான்தான்.”

“அம்பு நீதான்னு தெரியும். நேரா இருந்துச்சு. ரகு போட்டிருந்தா அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.” அவர் சிரிக்க முயன்றார். உதடு இழுத்துக்கொண்டது. “ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாத. இத்தன நாளும் நீ அவங்களோட வந்தேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“டீச்சர்…”

“அவங்களப் பாத்தும் பயம்தான். ஆனா அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. உன்னத் தெரியுமே. நீயே அப்படி நின்னேன்னா, நான் அங்க இத்தன வருஷம் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்? ராத்திரியெல்லாம் ஒவ்வொருத்தரா யோசிச்சேன். ரகு வருவானா? சாமிநாதன் வருவானா? யார்யாருக்கு இந்த வீடு தெரியும்னு எண்ணிப் பாத்தேன்.” அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். “நீ சொல்றத நம்பறேன். மனசு நம்பிடுச்சு. இந்தக் கைதான் இன்னும் நம்பமாட்டேங்குது, பாரு.”

கோத்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கத்தில் எவ்வளவு பாகம் கூட்டத்தால் வந்தது, எவ்வளவு பாகம் தன்னால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

அப்போது வெளியே கேட் கிரீச்சிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யாரோ நடைபாதையில் வரும் சத்தம். கதவில் ஒரு தட்டு. உடனே இன்னொன்று, இன்னும் பலமாக.

கதவுக்குப் போக சொர்ணம் அடியெடுத்து வைத்தாள். அதற்குள் டீச்சரின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. அந்த வயதுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, சொர்ணம் அவருக்குப் பின்னால், சுவரோரத்தில் நின்றாள். “வாயத் தொறக்காத,” என்றார் டீச்சர் தாழ்ந்த குரலில். “நான் பாத்துக்கறேன்.” பிடித்த கையை விடாமல், மறுகையால் தாழ்ப்பாளை நீக்கி, தம் உடம்பு அளவுக்கு மட்டும் கதவைத் திறந்தார்.

“சொப்பு பேக்கா டீச்சரம்மா? மூன்று நாளாக வண்டியே எடுக்கவில்லை, எல்லாம் இன்று காலையில் பறித்தது,” என்றது கீரைக்காரியின் கன்னடம். “கொத்தமல்லி இருக்கிறது, தண்டு இருக்கிறது.”

டீச்சர் மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து வெளியே விட்டார். பிறகு, கட்டு என்ன விலை என்று கேட்டார். கீரைக்காரி சொன்னாள். அநியாயம், போன வாரம் அதில் பாதிதானே என்றார் டீச்சர். குரல் இன்னும் நடுங்கியது, கன்னடத்தில் பிசகில்லை. பேரம் நீண்டது. கதவுக்குப் பின்னால் நின்ற சொர்ணத்தின் மணிக்கட்டை அவர் அந்த நேரம் முழுவதும் விடவில்லை. கடைசியில் இரண்டு கட்டு எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். எப்போதும் ஒரு கட்டு வாங்குகிறவர், இன்று வீட்டில் ஆள் வந்திருக்கிறதா என்று கீரைக்காரி கேட்டாள்.

“ஆமாம்,” என்றார் டீச்சர். “எங்கள் பெண் வந்திருக்கிறாள்.”